ஓநாய்க் களிம்பில் என்ன இருந்தது?

"போர்ஃபிரியா நோய் வந்தவர்களைத்தான் அந்தக் காலத்து ஐரோப்பாவில் ஓநாய்மனிதர்கள் என்று சொல்லி எரித்தார்களாமே, உண்மையா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றும் விளக்கம்தான் இது. 1964இல் இல்லிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் முன்வைத்தார். போர்ஃபிரியா என்பது ரத்தத்தின் சிவப்பு நிறமி உருவாவதில் வரும் கோளாறு. அதன் ஒரு வகையில் வெயில் பட்டால் தோல் புண்ணாகும், முகத்தில் மயிர் அடரும், பல் சிவக்கும். கேட்பதற்குப் பொருத்தமாக இருக்கிறது. ஆனால் அந்தக் குறிப்பிட்ட வகை போர்ஃபிரியா உலகம் முழுவதும் சில நூறு பேருக்கே கண்டறியப்பட்ட நோய். தவிர, வழக்குகளில் சிக்கியவர்கள் ஆடு மேய்ப்பவர்கள், பிச்சையெடுப்பவர்கள், காட்டோரம் குடிசை போட்டிருந்தவர்கள். பெரும்பாலும் பார்வைக்கு நம்மைப் போன்றவர்கள். இரவில் ஓநாயாக மாறிக் குழந்தைகளைத் தின்றார்கள் என்பதே குற்றச்சாட்டு.

எப்படி மாறினாய் என்று விசாரித்தபோது பலர் ஒரே பதிலைச் சொன்னார்கள்: களிம்பு பூசிக்கொண்டேன். என் ஆர்வமெல்லாம் அந்தக் களிம்பின் மீதுதான்.

1521இல், இன்றைய கிழக்கு பிரான்சின் பிரான்ஷ்-கோந்தே பகுதியில், பியர் பர்கோ, மிஷெல் வெர்துன் என்ற இருவரை விசாரித்து எரித்தார்கள். பர்கோ ஒரு மேய்ப்பன். உடைகளைக் களைந்து களிம்பைத் தேய்த்துக்கொண்டதும் கை கால்களில் மயிர் முளைத்ததாகவும், காற்றைப் போல ஓடியதாகவும், மீண்டும் மனிதனானபோது உடல் தாங்க முடியாத அளவு சோர்ந்துபோனதாகவும் அவன் வாக்குமூலம் கொடுத்தான். 1573இல் அதே பகுதியின் தோல் நகரில் பிடிபட்ட ஜீல் கார்னியேயும் களிம்பைச் சொன்னான். 1598இல் நீதிபதி ஆன்ரி போகே, "இப்போது என் கண்ணெதிரே மாறிக் காட்டுங்கள்" என்று கேட்டபோது, "களிம்பு கையில் இல்லையே" என்றார்கள் கைதிகள்.

அந்த நூற்றாண்டிலேயே ஒருவர் இப்படிப்பட்ட களிம்பைச் சோதித்துப் பார்த்திருக்கிறார் என்பது எனக்கு இன்றும் வியப்பு. ஆந்த்ரேஸ் லகுனா, ஸ்பானிய மருத்துவர். 1540களில் மெட்ஸ் நகரில் வேலை பார்த்தார். சூனியக்காரர்கள் என்று பிடிபட்ட ஒரு முதிய தம்பதியின் குடிலில், பச்சை நிறக் களிம்பு பாதி நிறைந்த ஜாடி ஒன்று கிடைத்தது. வாடையை வைத்தே அதில் நைட்ஷேட், ஹென்பேன், மாண்ட்ரேக் போன்ற நச்சுச் செடிகள் சேர்ந்திருப்பதை லகுனா ஊகித்தார். நகரத்துத் தூக்கிலிடுபவரின் மனைவிக்கு நீண்ட நாளாகத் தூக்கமில்லை. தலை முதல் கால் வரை அந்தக் களிம்பைப் பூசச் செய்தார். அவள் 36 மணி நேரம் தூங்கினாள், எழுப்புவதே பெரும்பாடானது. கண் விழித்ததும், உலகத்து இன்பமெல்லாம் சூழ இருந்த என்னை ஏன் எழுப்பினீர்கள் என்று கோபித்துக்கொண்டாள். கணவனைப் பார்த்து, உன்னைவிட இளையவன் ஒருவனோடு இருந்தேன் என்றாள். இதை லகுனா 1555இல் வெளிவந்த தன் மூலிகை நூலில் எழுதியிருக்கிறார்.

ஹென்பேன் நம் நாட்டுமருந்துக் கடையில் குரோசாணி ஓமம் என்ற பெயரில் கிடைப்பது. அதுவும் மாண்ட்ரேக்கும் பெல்லடோனா என்ற ஐரோப்பிய நச்சுச் செடியும் நம் ஊமத்தையும் ஒரே தாவரக் குடும்பம். கத்தரியும் தக்காளியும்கூட அதே குடும்பம்தான். முன்சொன்ன நான்கிலும் அட்ரோபின் வகை ஆல்கலாய்டுகளும் (செடிகள் உண்டாக்கும் வீரியமான வேதிப்பொருட்கள்) ஸ்கோபோலமைனும் இருக்கின்றன. இவை கொழுப்பில் கரைபவை. தோலின் மேலடுக்கு தண்ணீரை உள்ளே விடாது, கொழுப்பில் கரைந்த சிறு மூலக்கூறுகளை விடும். கொழுப்பில் குழைத்த களிம்பாகப் பூசினால் நஞ்சு ரத்தத்துக்கு வந்து சேர்வதில் எந்த மாயமும் இல்லை. பயணத்தில் வாந்தி வராமலிருக்கக் காதுக்குப் பின்னால் ஒட்டும் பட்டையும் ஸ்கோபோலமைன்தான். மூன்று நாளில் மெல்ல மெல்ல ஏறத்தாழ 1 மில்லிகிராம் உள்ளே போகும். அமெரிக்காவில் 1979இல் அனுமதி பெற்ற இந்தப் பட்டைதான் தோல்வழி மருந்துப் பட்டைகளில் முதலாவது.

உள்ளே போனதும் என்ன செய்கிறது? நரம்பு முனைகளிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற செய்தி கடத்தும் வேதிப்பொருள் சுரந்து, எதிரே உள்ள செல்லின் ஏற்பியில் பொருந்தி அதை வேலை செய்ய வைக்கும். அட்ரோபினும் ஸ்கோபோலமைனும் அதே ஏற்பியில் போய் உட்காரும், ஆனால் எதையும் இயக்காது. பூட்டுக்குள் நுழைந்து திரும்பாமல் நிற்கும் கள்ளச்சாவி போல. சரியான சாவிக்கும் அங்கே இடமில்லை. இதயத்தை அடக்கி வைக்கும் வேகஸ் நரம்பின் சொல் எடுபடாமல் போக, ஓடாமலே இதயம் ஓட்டக்காரனுடையதுபோல் அடிக்கும். எச்சில் வற்றித் தொண்டை காயும். வியர்வை நின்று உடல் கொதிக்கும். கண்மணி விரிந்து பகல் வெளிச்சம் கூசும். பர்கோவின் "காற்றைப் போல ஓடினேன்" என்ற வாக்கியத்தை இந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மூளையில் நடப்பது இன்னும் அழகானது. கண்ணும் காதும் இந்த நொடியில் அனுப்பும் செய்தியை முன்னுக்குக் கொண்டுவந்து, மூளை தானாகக் கிளப்பும் நினைவுகளையும் எதிர்பார்ப்புகளையும் பின்னுக்குத் தள்ளுவதில் அசிட்டைல்கோலினுக்குப் பெரிய பங்கு உண்டு. அதை அடைத்துவிட்டால் வெளியுலகம் மங்கி, உள்ளே இருப்பதெல்லாம் காட்சியாகிவிடுகிறது. மற்றப் பல போதைப் பொருட்களை எடுத்தவர், தான் காண்பது மாயத்தோற்றம் என்று ஓரளவு உணர்ந்திருப்பார். இதில் அந்த உணர்வே இருக்காது. இல்லாத ஆளோடு பேசுவார், இல்லாத பொருளை எடுத்து வைப்பார். நினைவைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸும் அசிட்டைல்கோலினை நம்பி இருப்பதால், தெளிந்தபின் துண்டு துண்டாகத்தான் ஞாபகம் வரும். இடைவெளிகளை அவரே கதையால் நிரப்பிக்கொள்வார்.

கதை எங்கிருந்து வருகிறது என்பதுதான் விஷயம். தூக்கமில்லாமல் தவித்த மெட்ஸ் நகரத்துப் பெண் காதலனைக் கண்டாள். ஓநாய்கள் ஆட்டை இழுத்துக்கொண்டு போகும் மலையடிவாரத்தில் வாழ்ந்த மேய்ப்பன் தானே ஓநாயானான். ரசாயனம் கனவைக் கிளப்பும். கனவில் யார் வருவது என்பதை அவரவர் ஊரும் பயமும் முடிவு செய்யும்.

மயிர் முளைத்த உணர்வுக்கும் ஓர் ஊகம் உண்டு. 1558இல் நேப்பிள்ஸைச் சேர்ந்த டெல்லா போர்ட்டா பதிவுசெய்த சூனியக் களிம்பின் சேர்மானத்தில் அகோனைட் இருக்கிறது. நம் சித்த மருத்துவத்தின் வச்சநாபி இந்த இனம்தான். ஐரோப்பாவில் ஓநாய்களுக்கு இரையில் வைத்த விஷமும் இதுவே. இது நரம்புகளின் சோடியம் வாயில்களை மூடவிடாமல் திறந்தே வைத்துவிடும். தோலெங்கும் ஊறலும் கூச்சமும் பரவி, பிறகு மரத்துப்போகும்.

ஆனாலும் எல்லா வழக்குக்கும் களிம்பையே காரணம் சொன்னால் அது அறிவியல் ஆகாது. கொலோன் அருகே பெட்பர்க்கில் 1589இல் கொல்லப்பட்ட பீட்டர் ஸ்டம்ப் களிம்பைச் சொல்லவேயில்லை. சாத்தான் கொடுத்த இடுப்புவார் என்றான். அவன் சொன்ன இடத்தில் தேடினார்கள், கிடைக்கவில்லை. உடனே சாத்தான் திரும்ப எடுத்துக்கொண்டான் என்று முடிவு கட்டினார்கள். சித்திரவதைக் கருவியைக் காட்டி வாங்கிய வாக்குமூலம் அது. அங்கே கதையைக் கொடுத்தவர்கள் விசாரித்தவர்களே என்பது என் கருத்து. ஓநாய் பிடித்த குழந்தைக்கு யாராவது பதில் சொல்ல வேண்டியிருந்தது; ஆள் பலமில்லாதவன் அகப்பட்டான். யோஹான் வெயர் என்ற மருத்துவர் 1563இலேயே, இவர்கள் நோயாளிகள், மருத்துவரிடம் அனுப்புங்கள் என்று எழுதினார். 1603இல் போர்தோ நீதிமன்றம் ஓரளவு அந்த வழியில் போனது. ஓநாய்த்தோலும் களிம்பும் தன்னிடம் இருந்ததாகச் சொன்ன ஜான் கிரெனியே என்ற சிறுவனை, வயதையும் புத்தி மந்தத்தையும் கருதி, எரிக்காமல் மடாலயத்தில் அடைக்கச் சொன்னது.

நம் ஊரில் ஊமத்தை வேலியோரமெல்லாம் முளைக்கிறது. விதையைத் தின்றுவிட்ட குழந்தை காற்றில் எதையோ பிடிக்கிறது, கண்மணி விரிந்து கண்டபடி பேசுகிறது என்றால் காத்துக் கருப்பு என்று கோடங்கியிடம் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இது எனக்கு ஆற்றாமையைத் தருகிறது. நாட்டுத் தாவர நஞ்சுகளைப் பற்றிய ஆய்வுக்கும், ஆரம்ப சுகாதார நிலையங்களில் அதற்கான பயிற்சிக்கும் அரசு தாராளமாகச் செலவிட வேண்டும். முறிவு மருந்து 19ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்துவிட்டது. அட்ரோபின் நஞ்சேறிய நோயாளிகளுக்கு 1864இல் க்ளைன்வேக்டர் என்ற மருத்துவர் கலபார் அவரையின் சாற்றைக் கொடுத்துத் தெளிவித்தார். அந்த அவரையிலிருந்து பெறும் ஃபைசோஸ்டிக்மின், அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கிறது. அசிட்டைல்கோலின் பெருகப் பெருக, போட்டியில் ஏற்பிகள் மீண்டும் அதன் வசம் வருகின்றன. மருத்துவரின் கண்காணிப்பில் சிரை (ரத்தக்குழாய்) வழியாக மெதுவாகக் கொடுத்தால், பல நோயாளிகள் சில நிமிடங்களிலேயே தெளிந்து எதிரில் நிற்பவரை அடையாளம் காண்கிறார்கள்.