ஒரு சாண் மேட்டில் மாறும் உலகம்: இராமநாதபுரத்தின் உவர்க்கரை

தொண்டியிலிருந்து தேவிபட்டினம் நோக்கிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்தால், திருப்பாலைக்குடி பக்கம் கடல் கண்ணில் படுவதற்கு முன்பே நிலம் மாறிவிடும். வயலும் பனையும் பின்தங்கி, வெளுத்த தரை விரியும். அதில் முழங்கால் உயரம்கூட வராத செடிகள் கூட்டம் கூட்டமாக நிற்கும். மழை முடிந்த கையோடு பார்த்தால் பச்சை, பங்குனி சித்திரையில் பார்த்தால் செக்கச் சிவப்பு. அதுதான் உமரி. உவர் நிலம், ஒன்றுக்கும் ஆகாது என்று சொல்லிக் கடந்துபோவதே நம் வழக்கம். ஆனால் இந்த மாவட்டத்தில் இவ்வளவு கறாரான ஒழுங்கோடு இயங்கும் நிலம் வேறு இருக்கிறதா என்பது எனக்குச் சந்தேகம். இங்கே தரை ஒரு சாண் உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் அங்கே வாழும் உயிர்களே மாறிவிடுகின்றன.

தரை இவ்வளவு தட்டையாக இருப்பதற்குக் கடல்தான் காரணம். சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இங்கே இன்றைவிடச் சற்று உயரமாக இருந்தது. இராமேஸ்வரம் தீவின் வடகரையில் நீருக்கு மேலே காய்ந்து நிற்கும் பழைய பவளப்பாறைகள் அதற்குச் சாட்சி, ஏனென்றால் பவளம் தண்ணீருக்கு வெளியே வளராது. கடல் பின்வாங்கியபோது மணல்மேடுகளுக்குப் பின்னால் ஆழமில்லாத பள்ளங்கள் தங்கின. ஆற்றங்கரை என்ற ஊர்ப் பக்கம் வைகையும் மூக்கையூர்ப் பக்கம் குண்டாறும் வெள்ளக் காலங்களில் கொண்டுவந்த வண்டல் அந்தப் பள்ளங்களை மெல்ல மெல்லத் தூர்த்தது.

அடுத்தது ஓதம். குஜராத்தின் காம்பத் வளைகுடாவில் கடல் ஏறி இறங்கும் உயரம் பத்து மீட்டரைத் தொடும். பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் அது ஒரு மீட்டரை எட்டுவதே அரிது. அவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் ஆயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டர் மட்டுமே சரியும் தரையில் கடல் ஒரு சாண் உயர்ந்தால், தண்ணீர் இருநூறு மீட்டருக்கு மேல் உள்ளே வந்துவிடும். இதோடு பருவமும் சேர்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலின் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்காக ஓடும். அப்போது கரையை ஒட்டிய கடல் மட்டம் சற்று உயர்ந்து நிற்கும். பெரிய ஆறுகளின் நன்னீர் கலந்து உப்பு குறைந்த தண்ணீரையும் அந்த நீரோட்டம் கொண்டுவரும். மேலே மழை, கீழே உயர்ந்த கடல். வருடம் முழுக்கக் காய்ந்து கிடக்கும் மேட்டுத் தரைகூட அந்த இரண்டு மாதங்களில் நனைந்துவிடும்.

சரி, இந்த நிலத்தில் உப்பு எங்கே அதிகம்? கடலுக்குப் பக்கத்தில் என்றுதான் யாரும் சொல்வார்கள். உண்மை அப்படி இல்லை. கடலை ஒட்டிய சேற்றில் ஓதம் அடிக்கடி ஏறி இறங்குவதால், அங்கே உப்பு கடல்நீரின் அளவிலேயே நிற்கும்: லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம். அதற்கு ஒரு சாண் மேலே உள்ள தரைக்குப் பெரிய ஓதத்தின்போது மட்டும் தண்ணீர் வரும். வந்த தண்ணீர் வடிவதற்குள் வெயில் அதைக் குடித்துவிடும், உப்பு தங்கிவிடும். இராமநாதபுரத்தில் வருடத்துக்கு மழை 800 மில்லிமீட்டருக்குச் சற்று மேல்தான். வெயிலும் காற்றும் ஆவியாக்க வல்ல நீரோ ஏறத்தாழ அதைப்போல் இரண்டு மடங்கு. மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் நிலத்தடியில் இருக்கும் உவர்நீரும் மண்ணின் நுண்துளைகள் வழியே மேலேறி, தரைக்கு வந்து ஆவியாகி, வெள்ளையாகப் பூத்துவிடும். இந்த நடுப்பட்டையில் மண்ணின் ஈரம் கடலைவிடப் பல மடங்கு உப்புக் கரிக்கும். இன்னும் ஒரு சாண் மேலே போனால் ஓதம் எட்டாது. அங்கே மழை உப்பைக் கழுவிவிடுவதால் கரிப்பு மறுபடி குறைகிறது. கீழே கடல் கழுவுகிறது, மேலே மழை கழுவுகிறது, இரண்டும் ஒழுங்காகக் கழுவாத நடுப்பட்டைதான் ஆகக் கொடியது. உமரி நிற்பது அந்தப் பட்டையின் ஓரங்களில். பட்டையின் நடுவே எதுவுமே முளைக்காத வெறும் வெள்ளைத் தரை.

உப்பு ஒரு செடியை இரண்டு வழிகளில் கொல்லும். முதலாவது தாகம். நறுக்கிய மாங்காயில் உப்பைத் தூவி வைத்தால் கொஞ்ச நேரத்தில் நீர் விட்டுக்கொள்ளும் அல்லவா? வேரிலும் அதேதான். உள்ளே இருக்கும் நீரை வெளியே இருக்கும் உப்பு இழுத்துவிடும், காலடியில் தண்ணீர் நின்றாலும் செடி வாடும். இரண்டாவது நஞ்சு. செல்லுக்குள் பல நொதிகள் பொட்டாசியத்தை நம்பி வேலை செய்கின்றன. சோடியம் அளவுக்கு மீறி நுழைந்தால் பொட்டாசியம் இருக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ள, நொதிகள் முடங்கிப்போகும்.

உமரி உப்புக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. அதன் செல்லின் பெரும்பகுதியை நுண்குமிழ் என்ற ஒரு நீர்ப்பை அடைத்துக்கொண்டிருக்கும். அந்தப் பையின் சவ்வில் உள்ள புரதங்கள் ஆற்றலைச் செலவழித்து ஹைட்ரஜன் அயனிகளை ஓயாமல் உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். உள்ளே நெருக்கடி கூடக் கூட அந்த அயனிகள் வெளியேறப் பார்க்கும். அவை வெளியேறும் விசையைப் பிடித்து, வேறொரு புரதம் சோடியத்தை உள்ளே அனுப்பிவிடும். இப்படி உப்பு முழுவதும் பைக்குள் பூட்டப்படுகிறது, பைக்கு வெளியே நொதிகள் நிம்மதியாக வேலை செய்கின்றன. பைக்குள் இவ்வளவு உப்பு இருந்தால் சுற்றியுள்ள செல்சாறு நீரை இழக்காதா? அதற்காகச் செல்சாற்றில் கிளைசீன் பீட்டைன் போன்ற தீங்கில்லாத பொருள்களைச் செடியே தயாரித்து நிரப்பிச் சமன் செய்கிறது. உள்ளே கரிப்பு வெளியே உள்ளதைவிடக் கூடுதலாகிவிட்ட பிறகு, கடல்நீரிலிருந்தே நீரை உறிஞ்சிக்கொள்ள முடிகிறது. உமரியின் இலையும் தண்டும் சதைப்பற்றோடு இருப்பது இந்தச் சேமிப்பால்தான். கடலோர ஊர்களில் இதைக் கீரையாகச் சமைப்பவர்களுக்கு அதன் கரிப்பு நாக்கில் தெரியும்.

அது சிவப்பதற்குக் காரணம் பீட்டாசயனின். பீட்ரூட்டுக்கும் சிவப்புத் தண்டுக்கீரைக்கும் நிறம் தருவது இதே வகை நிறமிதான், உமரியும் அந்தக் குடும்பத்துச் செடிதான். கோடையில் உப்பு ஏற ஏறப் பச்சையம் குறைகிறது. உணவு தயாரிக்கும் வேகம் குறைந்த இலைமேல் அதே வெயில் விழும்போது, பயன்படாத ஒளி செல்லைச் சிதைக்கும் வேதிப்பொருள்களை உண்டாக்கும். சிவப்பு நிறமி அந்த ஒளியில் ஒரு பகுதியைத் தடுத்து, அந்தப் பொருள்களையும் ஓரளவு அடக்குகிறது. தூரத்திலிருந்து காய்ந்துபோன செடியாகத் தெரியும் அந்தச் சிவப்புக்குள் விதை முற்றிக்கொண்டிருக்கும்.

ஒரு விஷயம் எனக்கு எப்போதும் வியப்பு. கடலைவிடக் கரிக்கும் மண்ணில் வாழும் இந்தச் செடியின் விதைக்கு முளைக்க மழை வேண்டும். உப்பு மிகுந்த மண்ணில் விதை சாகாமல் காத்துக் கிடக்கும். வடகிழக்குப் பருவமழை மேல்மண்ணைக் கழுவி, கரிப்பு தணிந்த அந்தச் சில வாரங்களில்தான் முளை விடும், அடுத்த கோடைக்குள் தன் நீர்ப்பைகளைத் தயார் செய்துகொள்ளும். மழை பொய்த்த வருடத்தில் வயலைப் போலவே உமரியும் பின்தங்கும். குஜராத்தின் பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் (அதன் கடற்பாசி நிலையம் ஒன்று நம் மண்டபத்தில் இருக்கிறது) உமரி வகை ஒன்றிலிருந்து உப்பைப் பூட்டும் மரபணுக்களை எடுத்துப் புகையிலையில் செலுத்தி, உப்பைத் தாங்கும் திறன் கூடுவதைக் காட்டியிருக்கிறது.

உமரிக்குக் கீழே, ஓதம் அன்றாடம் தொடும் சேற்றில் வெண்கண்டல் என்ற அலையாத்தி மரம் நிற்கும். காரங்காட்டில் படகில் போனால் இரு கரையிலும் பார்ப்பது பெரும்பாலும் இந்த மரம்தான். இது உப்பில் பெரும்பகுதியை வேரிலேயே வடிகட்டிவிட்டு, மிஞ்சியதை இலையில் உள்ள சுரப்பிகள் வழியே வெளியேற்றும். வெயில் ஏறிய பிறகு இலையைத் தடவினால் உப்புப் பொடி விரலில் ஒட்டும்.

அந்தச் சேற்றைக் கிளறினால் கறுப்பாக இருக்கும், அழுகிய முட்டை வாடை வரும். அசுத்தம் என்று மூக்கைப் பொத்துகிறோம், ஆனால் அது உயிர் வேலை செய்யும் வாடை. ஈரக் களிக்குள் காற்று இறங்காது. ஆக்சிஜன் இல்லாத அந்த இருட்டில் சில பாக்டீரியாக்கள் கடல்நீரில் உள்ள சல்பேட்டைக் கொண்டு சுவாசிக்கின்றன. அதில் வெளியாகும் ஹைட்ரஜன் சல்பைடுக்குத்தான் அந்த வாடை, அது இரும்போடு சேர்வதால்தான் அந்தக் கறுப்பு. இதனால் நமக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. நன்னீர்ச் சதுப்பில் தழை மட்கும்போது மீத்தேன் நிறைய கிளம்பும். உவர்ச் சேற்றில் சல்பேட் பாக்டீரியாக்கள் முந்திக்கொள்வதால் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு உணவு மிஞ்சுவதில்லை. புதைந்த தழையின் கரிமமும் நீண்ட காலம் மண்ணிலேயே தங்கிவிடுகிறது.

அந்தக் கறுப்புச் சேற்றில் ஒரு நண்டு வளையைக் குறுக்காக வெட்டிப் பாருங்கள். வளையின் சுவரைச் சுற்றிலும் துரு நிறத்தில் ஒரு வளையம் தெரியும். நண்டு தோண்டிய வழியே காற்றும் ஓதநீரும் இறங்கியதால் அங்கே இரும்பு துருவாக மாறியிருக்கிறது. நச்சு வாயுவும் அங்கே குறைந்திருக்கும், செடியின் வேர் அந்தச் சுவரை ஒட்டி எளிதாக இறங்கும். பிடில் நண்டுகளில் ஆணுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்புக்கு மீறிப் பெருத்திருக்கும். அது பெண்ணை அழைக்கவும் எதிரியோடு மோதவும்தான், சாப்பிட உதவாது. சின்னக் கொடுக்கால் சேற்றை அள்ளி, அதில் உள்ள பாசியை மட்டும் உண்டு, மிச்சத்தைக் குட்டி உருண்டையாக விட்டுவிடும். ஓதம் இறங்கிய வற்றத்தின்போது சேறு முழுக்க இறைந்து கிடக்கும் உருண்டைகள் அவைதான்.

பறவைகளுக்கு இந்தச் சேறு தட்டில் வைத்த சோறு. சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரித்த கொசு உள்ளான் குளிர்காலத்துக்கு இங்கே வரும். அதன் குட்டை அலகு மேல்சேற்றைத்தான் எட்டும், நீண்டு வளைந்த அலகுள்ள பெரிய கோட்டானோ ஆழத்தில் உள்ள புழுவையும் நண்டையும் இழுத்தெடுக்கும். அதனால் ஒரே சேற்றில் இரண்டுக்கும் போட்டி குறைவு. தண்ணீர் கணுக்கால் அளவு நிற்கும் இடம் பூநாரைக்கு. அது தலையைக் கவிழ்த்து, நாக்கை முன்னும் பின்னும் இயக்கி நீரை இழுத்துத் தள்ளும். அலகின் ஓரத்தில் உள்ள சீப்பு போன்ற தகடுகள் நுண்ணுயிர்களைப் பிடித்துக்கொள்ளும். காலால் சேற்றைக் கலக்கியும் தலையைச் சட்டென்று மேலே இழுத்தும் நீரில் சுழல்களை உண்டாக்கி, அவற்றில் இரையைச் சிக்கவைக்கிறது என்று 2025-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. தனுஷ்கோடியில் சுமார் 525 ஹெக்டேர் பரப்பைப் பூநாரைச் சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்ததும் அதே 2025-இல்தான்.

வலசை வராமல் இங்கேயே வாழும் ஒரு பறவையைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உப்புத்தரையில் ஓடித் திரியும் ஒரு சின்ன உப்புக்கொத்தி, வடக்கிலிருந்து வரும் உப்புக்கொத்தியின் கிளையினம் என்றே வெகுகாலம் கருதப்பட்டது. மரபணுவையும் உடல் அளவுகளையும் ஒப்பிட்ட ஆய்வாளர்கள் 2023-இல் இதைத் தனி இனம் என்று நிறுவினார்கள். இராமர் பாலத்தின் இரு பக்கமும் வாழ்வதால் ஆங்கிலத்தில் அதற்கு அனுமன் பெயரை வைத்தார்கள். நெடுந்தூரம் பறக்கத் தேவையில்லாததால் இதன் இறக்கை சற்றுக் குட்டை. வெறும் தரையில் ஒரு சிறு குழி பறித்து முட்டையிடும். ஒன்றும் முளைக்காத வெள்ளைத் தரை என்று சொன்னேனே, இதன் வீடு அதுதான்.

இப்போது இந்த நிலத்துக்கு வரும் சிக்கலெல்லாம் உயரத்தின் சிக்கல்தான். இறால் பண்ணைக்குக் கரை எழுப்பினாலும், சாலையை மேடாக்கிக் குறுகலான குழாயைப் பதித்தாலும், ஓதம் ஒரு பக்கம் நின்றுவிடும். மறுபக்கம் தண்ணீர் தேங்கிக் காய்ந்து, உப்பு ஏறிக்கொண்டே போகும். மேட்டு ஓரத்தைச் சீமைக்கருவேலம் பிடித்துக்கொள்ளும். வைகையின் நீர் பெரும்பாலும் இராமநாதபுரம் பெரிய கண்மாயோடு முடிந்துவிடுவதால், கடல் உயர்வுக்கு ஈடாகத் தரையை உயர்த்தும் வண்டலும் வெள்ள வருடங்களில்தான் கரைக்கு வருகிறது. கண்மாய் இல்லாமல் ஊர் இல்லை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கரையோரம் கண்டபடி மண்மேடு போடுவதைத் தவிர்க்கலாம்.

நல்ல எண்ணத்தோடு செய்யும் ஒரு தவறும் உண்டு. வெற்றுச் சேறு கண்ட இடத்திலெல்லாம் கண்டல் நாற்று நடுவது. நடுப்பட்டையில் நட்ட நாற்று கரிப்பு தாங்காமல் சாகும். தாழ்ந்த சேற்றில் நட்டு அது பிழைத்துவிட்டால், உள்ளானும் பூநாரையும் மேயும் திறந்த இடம் போய்விடும். பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் மரம் அழிந்த பகுதிகள் பள்ளமாகி, நீர் தேங்கி, உப்பு ஏறிப்போயின. அங்கே வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் முதலில் மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி ஓதத்தை உள்ளே விட்டன. கரிப்பு இறங்கியது, அதன் பிறகு வெண்கண்டல் நன்றாகப் பிடித்தது. இராமநாதபுரக் கரையில் நாற்றைக் கையில் எடுப்பவர்கள் முதலில் மட்டம் பார்க்கும் கருவியை எடுக்க வேண்டும். கண்டல் பிழைக்கும் வாய்க்கால் ஓரமும் உப்புக்கொத்தி முட்டையிடும் வெள்ளைத் தரையும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன.