பிள்ளை பெற்றவளுக்குச் சம்பளம் தருவது யார்?

பணக்கார நாட்டில் பிள்ளை பெறுகிறவளுக்கு ஒரு குறையும் இருக்காது என்று மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் பலர் என்னிடம் சொல்கிறார்கள். தாய்சேய் நலத் தாதியான நான் அவர்களுக்கு அமெரிக்காவின் கதையைச் சொல்வேன்.

அங்கே கூட்டரசுச் சட்டம் 12 வாரம் விடுப்புத் தருகிறது; சம்பளம் தருவதில்லை. அந்த விடுப்பும் 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்தில் ஓராண்டாவது உழைத்தவளுக்குத்தான். அதிபராக இருந்த மூத்த புஷ் இருமுறை நிராகரித்த மசோதாவில் 1993-இல் அடுத்த அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட பிறகே இதுவும் கிடைத்தது. கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்கள் மட்டும் சொந்தமாக நிதி வைத்துச் சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுக்கின்றன.

பக்கத்து நாடான கனடாவில் 1971 முதல் வேலைக் காப்புறுதி நிதி விடுப்புக்கான பணத்தைச் சுமக்கிறது. தாய்க்கு 15 வாரம். பிறகு பெற்றோர் இருவரும் பகிர்ந்துகொள்ள 40 வாரம். ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டுச் சம்பளத்தில் 55 விழுக்காடு கிடைக்கும். குறைந்த வருமானக் குடும்பத்துக்கு அது போதாது என்பதும் உண்மை. ஆனால் பணம் எல்லாத் தொழிலாளர்களும் முதலாளிகளும் கட்டும் சந்தாவிலிருந்து வருகிறது. ஒரு பெண்ணை வேலைக்கு எடுக்கும்போதே அவளுடைய பிரசவச் செலவை முதலாளி மனக்கணக்குப் போடவேண்டியதில்லை.

நம் தீபகற்ப மலேசியாவில் 2023 ஜனவரி 1 முதல் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. வரவேற்கவேண்டிய மாற்றம். ஆனால் அத்தனை நாள் சம்பளமும் ஒரே முதலாளியின் தலையில் விழுகிறது. சிறு கடைகள் புதுமணப் பெண்களை வேலைக்கு எடுக்கத் தயங்குவதற்கு இதுவும் காரணம் என்பது என் எண்ணம். தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிதியான சொக்சோ போல இதற்கும் ஒரு பொதுநிதி வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அண்மையில் ஒரு தோட்டத்து வீட்டுக்குப் போனேன். பிரசவமாகி மூன்றாவது வாரம். இரத்த அழுத்தம் இறங்கவில்லை, தையல் போட்ட இடம் சிவந்திருந்தது. அந்தப் பெண்ணோ தொழிற்சாலைச் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். “ஒப்பந்த வேலைக்கு லீவு கிடையாதாம், மிஸ்ஸி” என்றாள். “யார் சொன்னது தங்கச்சி? உனக்கும் உண்டு” என்றேன். அவள் நம்பவில்லை; அருகில் இருந்த மாமியாரும் நம்பவில்லை.

குறிப்பிட்ட காலத்துக்கான தவணை ஒப்பந்தத்தில் இருந்தாலும் நீங்கள் தொழிலாளிதான். பிரசவத்துக்கு முந்தைய ஒன்பது மாதத்தில் அந்த முதலாளியிடம் மொத்தம் 90 நாளாவது வேலை செய்திருந்தால் விடுப்புச் சம்பளம் உண்டு. உயிரோடிருக்கும் பிள்ளைகள் ஏற்கெனவே ஐந்து பேரோ அதற்கு மேலோ என்றால் மட்டும் அது கிடைக்காது. கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையை விட்டு நிறுத்தவும் முடியாது. ஓராண்டு வேலை செய்த கணவருக்கு 7 நாள் விடுப்பு உண்டு. பிரசவத்துக்கு 30 நாளுக்கு முன்பே, அல்லது பிள்ளை பிறந்ததும் கூடிய விரைவில், அவர் முதலாளிக்குத் தெரிவிக்கவேண்டும்.

பிரசவ தேதிக்கு முந்தைய 60 நாளுக்குள், எந்தத் தேதியிலிருந்து விடுப்பு என்று முதலாளிக்கு எழுத்தில் கொடுங்கள். அதன் நகலைக் கர்ப்பப் பரிசோதனைப் புத்தகத்துக்குள்ளேயே வைத்திருங்கள். முதலாளி மறுத்தால் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கும்போது அது கையில் இருக்கவேண்டும்.