மாடுல்: சொல்லும் அளவும்

'மாடுலர்' என்றாலே நம் ஊரில் கிச்சன்தான். தொழிற்சாலையில் அறுத்து வந்து வீட்டில் பூட்டும் அலமாரிக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கட்டடக் கலையில் இந்தச் சொல் பொருளைக் குறிக்கும் முன்பே அளவைக் குறித்தது.

லத்தீனில் 'மோடுஸ்' என்றால் அளவு, 'மோடுலுஸ்' சிற்றளவு. ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், டோரிக் என்னும் கிரேக்கப் பாணித் தூணின் தடிப்பில் பாதியை மோடுலுஸ் என்று வைத்து, தூணின் உயரம் 14 மோடுலுஸ் என்றார். அது விகிதம். இன்றைய மாடுல் நிலையான நீளம்: சர்வதேசத் தரத்தில் 1 எம், அதாவது ஒரு மாடுல், என்பது 100 மி.மீ. இந்தியத் தர மாடுலர் செங்கல் 190×90×90 மி.மீ.; 10 மி.மீ. சாந்தையும் சேர்த்தால் 200×100×100. நம் சூளைகளின் 9 அங்குலக் கல் இந்தக் கணக்கில் உட்காராது.

தமிழில் 'தொகுதி' என்கிறார்கள். தொகுதி பலவற்றின் சேர்க்கை. மாடுலோ சேர்க்கையின் ஓர் உறுப்பு. பொருத்தமில்லை. கழற்றிப் பூட்டும் பொருளானால் 'கூறு', அளவானால் 'அலகளவு' எனப் பிரித்துக்கொள்வது நல்லது.

பல்கலைக்கழகக் கட்டடத்தில் இரண்டும் வேண்டும். இன்றைய வகுப்பறை நாளை ஆய்வகமாகும், மறுநாள் பேராசிரியர் அறைகளாகும். தூண் இடைவெளி 7.2 மீட்டர் என்றால் 600 மி.மீ. பால்ஸ் சீலிங் பலகை சரியாக 12 அமரும், 3.6, 2.4 மீட்டராகவும் மிச்சமின்றிப் பிரியும். 7.5 மீட்டர் வைத்தால் பன்னிரண்டரைப் பலகை. ஓரத்தில் வெட்டிய பலகை வேறு அறைக்கு உதவாது, குப்பைக்குத்தான் போகும். ஜன்னல் சட்டங்களும் 1.2 மீட்டருக்கு ஒன்றாக இதே கோடுகளில் நிற்க வேண்டும். இல்லையேல் புதிய தடுப்பு கண்ணாடியின் நடுவில் போய் முட்டும். தடுப்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே விழும் இடுக்கு வழியே பக்கத்து வகுப்பின் பாடம் கேட்கும்.

இந்த எண்ணத்தைத் துணிந்து கட்டிப் பார்த்தது பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகம். 1963 போட்டியில் வென்ற கான்டிலிஸ், ஜோசிக், வுட்ஸ் குழுவின் வடிவமைப்பு. ழான் புரூவே செய்த முகப்புக் கூறுகள் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே மனித உடலை வைத்து வகுத்த 'மாடுலோர்' அளவுகளைப் பின்பற்றியவை. அளவில் பிழையில்லை, உலோகத்தில்தான். முகப்புக்குப் பயன்படுத்திய கார்ட்டென் எஃகு போதிய தடிப்பில் இருந்தால் மேல்துருவே அதைக் காக்கும். இங்கே மெல்லிய தகடாக இருந்ததால் அரித்தே போனது. பின்னர் நார்மன் ஃபாஸ்டர் நிறுவனம் அதை மாற்றி வெண்கல முகப்பு அமைத்தது.

நடைமுறையில் அதிகம் தவறும் இடம் தடுப்புச் சுவரின் தடிப்பு. 100 மி.மீ. தடுப்பைக் கோட்டின் நடுவில் நிறுத்தினால் இருபக்கமும் சீலிங் பலகையில் 50 மி.மீ. போய்விடும், 600 பலகை 550 ஆகும். ஆகவே தடுப்பு வரக்கூடிய கோடுகளில் மட்டும் 100 மி.மீ. பட்டை தனியாக விடுவார்கள். தடுப்பு இல்லாதபோது அதை ஒரு பட்டைத் தகடு மூடும். அப்போது தூண் இடைவெளியும் அதற்கேற்பக் கூடும். இதை அடித்தளம் தோண்டும் முன்பே வரைபடத்தில் முடிவு செய்தாக வேண்டும்.