இலக்கியத் தேர்வு எழுதிவிட்டு வரும் பிள்ளையிடம் உடனே விடை கேட்காதீர்கள்

கணக்குத் தேர்வில் விடை 12 என்றால் 12தான். நண்பனுக்கும் அதே விடை வந்திருந்தால் நிம்மதி, இல்லையென்றால் வருத்தம். எப்படியானாலும் அரை மணி நேரத்தில் விஷயம் தெரிந்துவிடும். இலக்கியத் தேர்வு அப்படி முடிவதில்லை. வினாத்தாளில் வந்த கவிதை மரணத்தைப் பற்றியது என்று ஒருவன் எழுதியிருப்பான். இன்னொருத்தி அது தாயைப் பிரிந்த மகளின் துக்கம் என்று எழுதியிருப்பாள். மூன்றாவது ஆள் வந்து, “முழுக்கக் கிண்டலாக எழுதிய கவிதை அது, உங்களுக்குப் புரியவில்லையா?” என்று கேட்பார். எது சரி என்று தீர்த்துச் சொல்ல அங்கே யாரும் இல்லை. மூவரும் அந்தச் சந்தேகத்தோடுதான் வீட்டுக்குப் போவார்கள்.

மாணவர்களுக்கான உளவியல் ஆலோசகராக வேலை செய்யும் எனக்கு, இந்தச் சந்தேகம் எவ்வளவு தூரம் போகும் என்று தெரியும். “எல்லாரும் ஒரு மாதிரி எழுதியிருக்கிறார்கள், நான் மட்டும் தப்பாகப் படித்துவிட்டேன்” என்ற வாக்கியத்தைத் தேர்வுக்காலம் முடிந்ததும் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். சொல்பவர்களில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: தேர்வு அறையை விட்டு வெளியே வரும்போது மனதில் இருக்கும் பயத்தை வைத்து உன் மதிப்பெண்ணைக் கணிக்காதே. அது இரண்டும் வேறு வேறு.

இது வெறும் ஆறுதல் பேச்சு இல்லை. தேர்வு அமைந்திருக்கும் விதத்தைப் பார்த்தாலே காரணம் புரியும். அமெரிக்காவில் காலேஜ் போர்டு என்ற அமைப்பு பள்ளி மாணவர்களுக்குக் கல்லூரித் தரத்தில் நடத்தும் ஏபி (Advanced Placement) தேர்வுகளில் ஒன்றான ஆங்கில இலக்கியத் தேர்வை எடுத்துக்கொள்வோம். முதல் 1 மணி நேரத்தில் 55 பல்தேர்வு வினாக்கள், அடுத்த 2 மணி நேரத்தில் 3 கட்டுரைகள். மொத்த மதிப்பில் பல்தேர்வுக்கு 45 சதவீதம், கட்டுரைகளுக்கு 55 சதவீதம். பல்தேர்வுப் பகுதியில் கொடுத்திருக்கும் தெரிவுகளில் இரண்டு கிட்டத்தட்டச் சரியாகவே தோன்றும். நன்றாகப் படித்தவரையும் ஒரு நிமிடம் யோசிக்கவைக்க வேண்டும் என்றுதான் வினாவை அப்படி எழுதுகிறார்கள். ஆக, “இரண்டுக்கும் நடுவில் குழம்பிவிட்டேன்” என்று ஒரு மாணவி சொன்னால், வினா தன் வேலையைச் செய்திருக்கிறது என்றுதான் அர்த்தம். போதாததற்கு, சுலபமாக விடை தெரிந்த வினாக்கள் மனதில் தங்குவதே இல்லை. தடுமாறிய ஏழெட்டு மட்டும் நினைவில் நின்று, தேர்வே அவ்வளவுதான் என்பது போல ஒரு தோற்றத்தைக் கொடுத்துவிடும்.

“முதலில் போட்டதை மாற்றாமல் இருந்திருக்கலாம்” என்ற புலம்பலும் அடிக்கடி வரும். உளவியலாளர் ஜஸ்டின் க்ரூகரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் எடுத்துப் பார்த்தது. மாற்றிய விடைகளில் தப்பிலிருந்து சரிக்கு மாறியவையே அதிகம். ஆனால் சரியாக இருந்ததை மாற்றித் தப்பாக்கிய அனுபவம் மனதை அதிகம் உறுத்துகிறது, அதனால் அதுவே நினைவில் நிற்கிறது. மாற்றி நல்லது நடந்ததை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. இந்த ஒரு தகவலைக் கேட்டதும் நிறையப் பிள்ளைகளின் முகம் தெளிவதைப் பார்த்திருக்கிறேன்.

கட்டுரைக்கு வருவோம். ஒப்பிட்டுப் பேசுவது அதிகமாகக் காயப்படுத்துவது இங்கேதான். ஏபி தேர்வில் ஒவ்வொரு கட்டுரைக்கும் 6 புள்ளி. வாதத்தை முன்வைக்கும் மையக் கருத்துக்கு 1, சான்றுக்கும் அதை விளக்கும் முறைக்கும் 4, சிந்தனையின் ஆழத்துக்கு 1. “கவிதைக்குச் சரியான பொருள் சொன்னதற்கு” என்று தனியாகப் புள்ளி எதுவும் கிடையாது. பாடலில் இருக்கும் வரிகளைக் காட்டி, அவை எப்படி உன் வாசிப்புக்கு ஆதாரமாகின்றன என்று விளக்கியிருந்தால், மரணம் என்று எழுதியவனும் பிரிவு என்று எழுதியவளும் இருவருமே நல்ல மதிப்பெண் வாங்கலாம். பாடலில் எங்கும் ஆதாரமில்லாத ஒன்றைச் சொன்னால்தான் சிக்கல். மூன்றாவது கட்டுரைக்குத் தேர்வுத்தாளில் சில படைப்புகளின் பட்டியல் தருவார்கள். “நான் எழுதிய நாவல் அந்தப் பட்டியலிலேயே இல்லை” என்று அழுதுகொண்டு வருபவர்கள் உண்டு. பட்டியலுக்கு வெளியே உள்ள தகுதியான இலக்கியப் படைப்பைப் பற்றியும் எழுதலாம் என்று வினாவிலேயே இருக்கிறது. பதற்றத்தில் அதைப் படித்தும் மறந்துவிடுகிறார்கள்.

அப்புறம், கூடிப் பேசுவது. தேர்வு முடிந்ததும் நண்பர்களோடு கொஞ்ச நேரம் புலம்புவதும், மீம்ஸ் போட்டுச் சிரிப்பதும் எனக்குத் தப்பாகத் தெரியவில்லை. மூன்று மணி நேரம் அடக்கிவைத்த இறுக்கம் எங்கேயாவது வெளியேற வேண்டும். சிரிப்பு அதற்கு நல்ல வழி. (வினாக்களை மட்டும் வெளியிட வேண்டாம். ஏபி தேர்வில் பல்தேர்வு வினாக்களை யாரோடும் பகிர்வது விதிமீறல், மதிப்பெண்ணே ரத்தாகலாம்.) ஆனால் அதே பேச்சு இரவு வரை நீண்டு, அடுத்த நாளும் தொடர்ந்தால் கவனிக்க வேண்டும். அமண்டா ரோஸ் என்ற உளவியலாளர் 2002இல் இந்தப் பழக்கத்தைப் பற்றி எழுதினார். ஒரே கவலையைத் தோழிகள் மாறி மாறிக் கிளறிக்கொண்டே இருக்கும்போது நட்பு நெருக்கமாகிறது, ஆனால் பதற்றமும் சோர்வும் அதோடு சேர்ந்தே காணப்படுகின்றன. மனம் விட்டுப் பேசுவது எப்போதும் நல்லது என்று நாம் நினைக்கிறோம். பேசிய பிறகு மனம் லேசாகிறதா, கனக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கனக்கிறது என்றால் அன்றைக்கு நண்பர்களின் அரட்டைக் குழுவை மூடிவைப்பதில் தப்பே இல்லை.

பெற்றோருக்கு: வாசலிலேயே “எப்படி எழுதினாய்?” என்று கேட்காதீர்கள். உங்கள் குரலில் இருக்கும் கவலையைத்தான் பிள்ளை முதலில் கேட்கும். சாப்பிடட்டும், தூங்கட்டும். தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். “சரி, கஷ்டமாகத்தான் இருந்திருக்கிறது” என்ற ஒரு வரி போதும். “கவலைப்படாதே, நன்றாகத்தான் எழுதியிருப்பாய்” என்பது அன்பான வார்த்தைதான். ஆனால் நன்றாக எழுதவில்லை என்று நம்புகிற பிள்ளைக்கு, உங்களிடம் இனி எதையும் சொல்ல முடியாது என்ற எண்ணத்தை அது கொடுத்துவிடலாம்.

ஓரிரு நாள் முகம் வாடியிருப்பது இயல்பு. ஒரு வாரம் கடந்தும் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, நண்பர்களின் அழைப்பை எடுக்கவில்லை, பிடித்த எதிலும் நாட்டமில்லை என்றால் ஆலோசகரையோ மருத்துவரையோ பாருங்கள். “நான் இருந்து என்ன ஆகப்போகிறது” என்பது போன்ற பேச்சு வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். “செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணத்தை நாம் விதைத்துவிடுவோம் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. அப்படி நடப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. கேட்கும்போது பிள்ளை பெரும்பாலும் பேசத் தொடங்கும். ஆமாம் என்று சொன்னால் தனியாக விடாமல், உடனே மருத்துவ உதவிக்கு அழைத்துப் போங்கள்.

ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். தேர்வுக்கு மறுநாள் வகுப்பில் அந்தக் கவிதையின் ‘சரியான’ பொருளை விளக்காதீர்கள். மே மாதம் எழுதும் ஏபி தேர்வுக்கு மதிப்பெண் வர ஜூலை ஆகிவிடும். நீங்கள் சொல்லும் ஒரு விளக்கம் அந்த இரண்டு மாதமும் பிள்ளைகளின் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். கவிதையைப் பற்றிப் பேச விரும்பினால், யார் எப்படிப் படித்தார்கள், எந்த வரியை வைத்துப் படித்தார்கள் என்று கேளுங்கள். பேச விரும்பாதவர்களைப் பேசவைக்க வேண்டாம்.