டென்னசியில் ஆசிரியர் வேலையா? கோடை விடுமுறைக்கு முன் மாணவர் பட்டியலைப் பாருங்கள்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் அரசுப் பள்ளி ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுதோறும் 1 முதல் 5 வரை ஒரு நிலை கிடைக்கும். பணி நிரந்தரமாவது இந்த எண்ணைப் பொறுத்தது. நிரந்தரமானது கைவிட்டுப் போவதும் இதனால்தான். வகுப்பை வந்து பார்த்துப் போடும் மதிப்பெண்ணைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். கவிழ்ப்பது பெரும்பாலும் அது இல்லை, "மாணவர் வளர்ச்சி" என்ற பகுதிதான்.

பின்னணி இவ்வளவு போதும். மாணவர் எவ்வளவு வளர்ந்தார் என்று தேர்வு மதிப்பெண்களை வைத்து அளக்க வில்லியம் சாண்டர்ஸ் என்ற புள்ளியியலாளர் உருவாக்கிய டிவாஸ் (TVAAS) கணக்குமுறை 1992 சட்டத்தின் வழியே டென்னசிக்குள் வந்தது. 2010இல் ஒபாமா அரசு மாநிலங்களுக்குப் போட்டி வைத்துக் கொடுத்த ரேஸ் டு தி டாப் நிதிக்காக மாநிலம் சட்டத்தைத் திருத்தி, மதிப்பீட்டில் பாதியை மாணவர் தேர்வுத் தரவோடு கட்டிவிட்டது.

சொந்த வளர்ச்சி மதிப்பெண் உள்ள ஆசிரியருக்குப் பங்கீடு இப்படி: வகுப்புப் பார்வை 50 சதவீதம், வளர்ச்சி 35, மாணவர் அடைவு (எட்டிய தேர்ச்சி அளவு) 15. ஒருவருக்குப் பார்வையில் சராசரி 4.2, வளர்ச்சியில் 2, அடைவில் 3 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் அதன் சதவீதத்தால் பெருக்கினால் 210, 70, 45. கூட்டினால் 325. இது நிலை 3. நிலை 4க்கு 350 வேண்டும். அதே ஆசிரியருக்கு வளர்ச்சி 3 கிடைத்திருந்தால் 360, நிலை 4க்குள் போயிருப்பார். 2011 சட்டப்படி நிரந்தரமாக ஐந்து ஆண்டுப் பணி மட்டும் போதாது. தகுதிகாண் காலத்தின் கடைசி இரண்டு ஆண்டுகளிலும் நிலை 4 அல்லது 5 வேண்டும். நான்காம் ஆண்டில் வாங்கிய 5, ஐந்தாம் ஆண்டில் வந்த 3ஐக் காப்பாற்றாது. 2011 ஜூலைக்குப் பிறகு நிரந்தரமானவர் தொடர்ந்து இரண்டு ஆண்டு நிலை 1 அல்லது 2இல் இருந்தால் மறுபடி தகுதிகாண் பட்டியலுக்குப் போவார்.

"என் பிள்ளைகள் எல்லோரும் போன வருஷத்தைவிடக் கூடுதல் மார்க் வாங்கினார்களே, எனக்கு எப்படி 2?" என்று கேட்பவர்கள் அதிகம். டிவாஸ் பார்ப்பது மார்க் கூடியதா என்பதை அல்ல. அந்தப் பிள்ளையின் பழைய தேர்வு மதிப்பெண்களை வைத்து இந்த ஆண்டு எவ்வளவு எடுப்பான் என்று ஓர் எதிர்பார்ப்பைப் போடும். அதற்கு மேலா, கீழா என்பதுதான் உங்கள் கணக்கு. குடும்ப வருமானமோ வீட்டுச் சூழலோ கணக்கில் நேரடியாகச் சேராது. பழைய மதிப்பெண்ணிலேயே அதெல்லாம் அடங்கிவிட்டது என்பது அவர்கள் வாதம்.

எதிர்பார்ப்புக்கு மேலோ கீழோ வந்த வித்தியாசம்தான் வளர்ச்சி எண். அதை அதன் திட்டப்பிழையால் (அந்த எண் எவ்வளவு நிச்சயமற்றது என்ற அளவு) வகுப்பார்கள். விடை 2 அல்லது மேல் என்றால் வளர்ச்சிப் பகுதிக்கு நிலை 5. 1 முதல் 2க்குள் என்றால் 4. மைனஸ் 1 முதல் 1க்குள் 3. மைனஸ் 2 வரை 2. அதற்கும் கீழே 1. வளர்ச்சி எண் 3.0, பிழை 1.2 என்றால் விடை 2.5, நிலை 5. அதே 3.0க்குப் பிழை 3.5 என்றால் 0.86, வெறும் நிலை 3. பிழை பெரிதாவது பெரும்பாலும் பிள்ளைகள் குறைவாக இருக்கும் வகுப்பில். ஆக, சிறு வகுப்பு எடுப்பவர் நன்றாகச் சொல்லிக்கொடுத்தாலும் நடுவிலேயே தங்கிவிடுவார்.

சூத்திரத்தோடு மோதிப் பயனில்லை. கணக்கைப் போடுவது சாஸ் என்ற தனியார் நிறுவனம், உள்விவரம் அதன் வணிக ரகசியம். டெக்சாஸின் ஹூஸ்டனில் இதே வகைக் கணக்குமுறைக்கு எதிராக ஆசிரியர் சங்கம் வழக்குப் போட்டு, 2017இல் சமரசம் வரை கொண்டுபோனது. ஆனால் அதற்கு ஆண்டுகள் ஆயின. டென்னசியில் தொடுத்த வழக்கைக் கூட்டாட்சி நீதிமன்றம் 2015இல் தள்ளுபடி செய்துவிட்டது. உங்கள் கைக்கு எட்டுவது ஒன்றே ஒன்று: எந்த மாணவர்கள் உங்கள் கணக்கில் ஏறுகிறார்கள் என்ற பட்டியல்.

வசந்த காலத்தில் சில வாரங்களுக்கு மட்டும் இந்தச் சரிபார்ப்பு திறக்கும். பள்ளியின் பதிவேட்டிலிருந்து பெயர்கள் தானாக டிவாஸ் தளத்துக்கு வந்து நிற்கும். ஆசிரியர் பார்த்துத் திருத்த வேண்டும், பிறகு பிரின்சிபல் ஒப்புதல், பிறகு மாவட்டம். மூடிய பின் "நான் பார்க்கவில்லை" என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். தேர்வுக் கெடுபிடியில் எல்லோரும் இருக்கும் நேரத்தில்தான் இதைத் திறக்க வேண்டும் என்று எந்தப் புண்ணியவான் முடிவு செய்தாரோ!

பட்டியலில் முதலில் இடம்பெயர்ந்த பிள்ளைகளைப் பாருங்கள். ஒரு மாணவரை ஆசிரியர் கணக்கில் சேர்க்க, முழு ஆண்டுப் பாடத்துக்கு 150 நாள், அரையாண்டுப் பாடத்துக்கு 75 நாள் அவர் வகுப்பில் இருந்திருக்க வேண்டும் என்கிறது மாநிலச் சட்டம். ஜனவரியில் வந்து சேர்ந்தவரின் பெயர் முழு ஆண்டு மாணவர்போல நிற்கிறதா என்று வருகைப் பதிவோடு ஒப்பிடுங்கள். அடுத்தது பங்கு சதவீதம், அதாவது அந்த மாணவருக்குக் கற்பித்ததில் உங்கள் பங்கு எவ்வளவு என்பது. சிறப்புக் கல்வி ஆசிரியரோடு சேர்ந்து எடுத்த வகுப்பென்றால், யார் எவ்வளவு நேரம் எடுத்தார் என்பதை இருவரும் முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். இருவரும் ஒரே மாணவனுக்கு 100 போட்டால் கணக்கு இடிக்கும், பிரின்சிபல் தன் இஷ்டத்துக்குப் பிரிப்பார். பெயரை நீக்கினாலும் சேர்த்தாலும் அன்றைக்கே திரையைப் படம் பிடித்து வையுங்கள்.

ஓவியம், இசை, உடற்கல்வி போன்ற தேர்வில்லாப் பாடம் எடுப்பவர்களின் நிலை இன்னும் மோசம். சொந்த வளர்ச்சி எண் இல்லாதவருக்குப் பள்ளி முழுமைக்கான எண்ணையே ஒட்டிவிடுவார்கள், மதிப்பீட்டில் அதன் பங்கு மட்டும் குறைவு. கணக்குப் பாடத்தில் பள்ளி சறுக்கினால் பாட்டு வாத்தியாருக்கும் சேர்த்துத்தான் அடி. ஃப்ளோரிடாவில் இதே குறையோடு நீதிமன்றம் போனவர்களுக்கு, நியாயமற்றதாக இருக்கலாம், அரசமைப்புக்கு விரோதமில்லை என்ற தீர்ப்புதான் கிடைத்தது. உங்கள் பாடத்துக்கு மாவட்டம் மாணவர் படைப்புத் தொகுப்பு முறையை ஏற்றிருக்கிறதா என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே கேட்டு வையுங்கள். இருந்தால் உங்கள் பிள்ளைகளின் வேலையே உங்கள் எண்ணாகும்.

முறையீடு என்று ஒன்று உண்டு, வாசல் குறுகல். இரண்டே காரணங்கள்தான் செல்லும்: பயன்படுத்திய தரவு தவறு, அல்லது மதிப்பீட்டு விதிகளைப் பின்பற்றவில்லை. "எனக்கு அநியாயம்" என்று பத்துப் பக்கம் எழுதினாலும் குப்பைக்கூடைதான். முடிவு கைக்கு வந்த நாளிலிருந்து 15 நாள். 16ஆம் நாள் கொடுத்தால் உள்ளடக்கத்தைப் படிக்காமலே தள்ளலாம். இந்தக் கெடு ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக ஓடும். வகுப்புப் பார்வை மேல் குறை இருந்தால் வளர்ச்சி எண் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், அதற்குள் முதல் கெடு போய்விடும். வளர்ச்சி எண் வருவதோ தேர்வு முடிந்து மாதக்கணக்கில் கழித்து, நீங்கள் விடுமுறையிலோ அடுத்த வகுப்பிலோ இருக்கும்போது. அலுவலக மின்னஞ்சலை விடுமுறையிலும் திறந்து பாருங்கள்.

முதல் படி, உங்களை மதிப்பிட்டவரிடமே கொடுப்பது. வளர்ச்சி எண்ணைத் தான் போடவில்லை, மாற்ற முடியாது என்று அவர் கையை விரிப்பார். அதற்காக நேரே மேலே போனால் "முதல் படியை முடிக்கவில்லை" என்று திருப்பி அனுப்புவார்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு மாவட்ட இயக்குநரிடம் போங்கள். அதன் பிறகு உள்ளூர்க் கல்வி வாரியம், அத்தோடு முடிந்தது. சிறு நடைமுறைப் பிழைகளுக்காக இறுதி நிலையை மாற்றமாட்டோம் என்றும் விதியில் எழுதி வைத்திருக்கிறார்கள். எனவே பார்வைக்கு வந்தவர் பத்து நிமிடம் தாமதம் என்பதை விட்டுவிட்டு, எண்ணை மாற்றக்கூடிய தவறை மட்டும் எழுதுங்கள்.

கடிதம் ஒரு பக்கம் போதும். மாணவரின் பள்ளி எண், பாடம், சேர்ந்த தேதி, வருகை நாட்கள், பட்டியலில் காட்டிய சதவீதம், இருந்திருக்க வேண்டிய சதவீதம். கூடவே நீங்கள் எடுத்து வைத்த திரையின் படம். நேரில் கொடுத்தால் இன்னொரு பிரதியில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். "மேசையில் வைத்துவிட்டுப் போங்கள்" என்று சொன்னால், அங்கேயே நின்று அதே கடிதத்தை மின்னஞ்சலிலும் அனுப்பிவிட்டு வாருங்கள்.