தாங்கிக்கு மூடி எங்கே?

தரம் 4 இல் மூன்று பிள்ளைகளுக்கு அடுத்தடுத்துச் செங்கமாரி (மஞ்சள் காமாலை). மூவரும் மூன்று ஊர்ப் பிள்ளைகள். ஒன்றாகக் குடிப்பது பள்ளிக்கூடத்துக் குழாயில் மட்டும்தான். என்னைப் போன்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகனுக்கு இதற்கு மேல் துப்பு வேண்டியதில்லை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், வயல்களுக்கு நடுவே உள்ள சின்னப் பள்ளிக்கூடம் அது. பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் மற்றப் பள்ளிக்கூடங்கள் நிம்மதியாகத் தூங்கிவிடும்.

அதிபர் அன்பாகத்தான் வரவேற்றார். கண்ணாடிக் குவளையில் தண்ணீர் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். "பாருங்கள் சேர், பளிங்கு மாதிரி. இதில் என்ன பிழை?"

ஏணி வாங்கி மேலே ஏறினேன். 1000 லீற்றர் தண்ணீர்த் தாங்கி. மூடி போன மாரிக் காற்றோடு போய்விட்டதாம். அதற்குப் பதிலாக ஒரு தகரத் துண்டு, அதன்மேல் ஒரு கல். தகரத்தை விலக்கினால் சுவரெங்கும் பாசி, அடியில் நான்கு விரல் சேறு, ஓரத்தில் ஊறிப்போன ஓர் அணில். வெளியே போகும் குழாய் சேற்றுக்குச் சற்று மேலே பொருத்தப்பட்டிருக்கிறது. பளிங்கின் இரகசியம் அவ்வளவுதான்.

இந்தப் பளிங்குக் கதையை எத்தனை அதிபர்களிடம், எத்தனை பெற்றோரிடம் கேட்டுவிட்டேன் என்று எனக்கே கணக்கில்லை. ஒரு பக்டீரியாவின் நீளம் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு. செங்கமாரியைக் கொண்டுவரும் வைரசு அதைவிட எவ்வளவோ சின்னது. குவளைக்குள் ஆயிரக்கணக்கில் மிதந்தாலும் உங்கள் கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. 100 மில்லிலீற்றர் குடிநீரில், மலக்கழிவு கலந்ததைக் காட்டிக்கொடுக்கும் ஈ.கோலை பக்டீரியா ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது நியமம். அந்த ஒன்றை ஜன்னலோரத்தில் நின்று எண்ணிவிடலாம் என்றால் எங்களுக்கு ஆய்வுகூடம் எதற்கு? சில ஊர்களில் உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் சுத்திகரிக்கப்பட்டு வாசல்வரை வருகிறது. "குளோரின் மணக்கிறது, எங்கள் கிணற்றுத் தண்ணீர்தான் இனிப்பு" என்று அதை ஒதுக்கிவிடுகிறார்கள். இனிக்கிற அந்தக் கிணற்றிலிருந்து மலசலகூடக் குழி இருபது அடியில் இருக்கும். குறைந்தது 50 அடியாவது விலகியிருக்க வேண்டும். வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரை மணலில் அதுவும் போதும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன்.

வாதாடிப் பயனில்லை என்று சோதனைப் போத்தல் ஒன்றில் அதே பளிங்கை நிரப்பி அதிபரின் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். மலக்கழிவு கலந்த தண்ணீர் என்றால் உள்ளிருக்கும் தாள் ஓரிரு நாளில் கறுத்துவிடும். மறுநாள் போனபோது போத்தல் முழுவதும் கரி. அதிபர் ஒன்றும் பேசவில்லை. பக்கத்தில் இருந்த தன் தேநீர்க் கோப்பையை மட்டும் தள்ளி வைத்தார்.

இன்னொன்று. தண்ணீரில் கிருமி இல்லை என்று அறிக்கை வந்தால் "பார்த்தீர்களா, எங்கள் தண்ணீர் இல்லை" என்று துள்ளுகிறார்கள். இந்தச் செங்கமாரி உடலுக்குள் புகுந்து வெளியே தெரிய 15 முதல் 50 நாள் ஆகும். பிள்ளையைப் படுக்கையில் தள்ளியது போன மாதத்துத் தண்ணீர். நான் மாதிரி எடுத்தது இன்றைய தண்ணீரில். மாதிரி என்றதும் ஞாபகம் வருகிறது: நாங்கள் தரும் போத்தலைத் தயவுசெய்து கழுவிக் கொடுக்காதீர்கள். ஒருமுறை ஒரு சிற்றூழியர் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று நீட்டினார். உள்ளே இருந்த, குளோரினை அடக்கும் மருந்தும் போயிற்று, எனக்கு ஒரு நாளும் போயிற்று.

வடிகட்டிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டுப் பழைய மாணவர் அன்பளிப்பு, ரிபன் வெட்டு, பெயர்ப்பலகை எல்லாம் நடக்கும். உள்ளிருக்கும் கரி உருளையை மாற்றப் பணம் மட்டும் எவர் கணக்கிலும் இருக்காது. கரி முதலில் குளோரினை உறிஞ்சிவிடும். காவல் போன தண்ணீரில், அந்த அழுக்கு உருளைக்குள்ளேயே கிருமி குடும்பம் நடத்தும். அன்பளிப்புச் செய்கிறவர்களே, உருளைக்கும் சேர்த்துக் கொடுங்கள். முடியாவிட்டால் ஒரு நல்ல மூடி வாங்கிக் கொடுங்கள்.

தாங்கியைத் தவணைக்கு ஒருமுறையாவது இறக்கித் தேய்த்துக் கழுவுங்கள். மார்கழி வெள்ளம் ஏறிய கிணற்றை இறைத்த பிறகே குளோரின் போடுங்கள். சேற்றில் கொட்டினால் குளோரினைச் சேறு தின்றுவிடும். அளவை நீங்களே ஊகிக்க வேண்டாம், எங்கள் பணிமனைக்குச் சொல்லுங்கள், கிணற்றை அளந்து தருகிறோம். அரை மணி நேரம் கழித்து, கொஞ்சம் தண்ணீரில் குளோரின் மிச்சத்தைக் காட்டும் சோதனை மாத்திரை போட்டுப் பார்த்தால் இளஞ்சிவப்பு நிறம் வர வேண்டும். குடத்துக்குள் கையோடு முக்கி எடுக்கும் அந்த ஒற்றைப் பேணியை இன்றே தூக்கி எறியுங்கள்.

அதுவரை, பகலுணவு சமைக்க வரும் தாய்மாரிடம் ஒரு வேண்டுகோள். அடுப்பு எரிகிறதுதானே அம்மா, ஒரு பானைத் தண்ணீரையும் ஏற்றுங்கள். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும்; மூடி ஆறவிடுங்கள். பெரிய வகுப்புப் பெண் பிள்ளைகள் மலசலகூடத்துக்குப் பயந்து காலையிலிருந்து கடைசி மணி அடிக்கும்வரை ஒரு மிடறும் குடிப்பதில்லை. அவர்களுக்கு நீர்க்கடுப்பு வரும்போது எந்த ஆய்வுகூட அறிக்கையிலும் பள்ளிக்கூடத்தின் பெயர் வராது.

புதன்கிழமை அந்தப் பள்ளிக்கூடத்துக்கு மறுபடியும் போகிறேன். ஏணியை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.