‘கிரேட் டூ தானே’ என்று கட்டடம் வாங்கியவர்களுக்கும் வாங்கப் போகிறவர்களுக்கும்

எனக்குத் தெரிந்த ஒரு அண்ணை இங்கிலாந்தின் சிறு நகரம் ஒன்றில், கீழே கடையும் மேலே வீடுமாக, அரசின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள ஒரு பழைய கட்டடம் வாங்கினார். ஆறு மாதத்தில் கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது. முன்பக்கத்து யன்னல்கள் அனுமதி இல்லாமல் மாற்றப்பட்டவை, அந்தப் பிளாஸ்டிக் யன்னல்களைக் கழற்றிவிட்டுப் பழையபடி மரத்தில் செய்து போட வேண்டும் என்று. யன்னலை மாற்றியது அவர் இல்லை, அவருக்கு முன் இருந்த உரிமையாளர். அதுவும் பத்து வருடத்துக்கு மேலாகிவிட்டது.

“நான் செய்யாத வேலைக்கு நான் ஏன் தம்பி காசு கட்ட வேணும்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் சட்டத்தின் பதில், கட்டத்தான் வேண்டும் என்பது.

அவர் சொன்ன இன்னொரு வசனம்தான் என்னை இதை எழுத வைத்தது. “வாங்கேக்குள்ளயே கிரேட் டூ எண்டு சொன்னவை. கிரேட் வன் எண்டாத்தானே பிரச்சினை எண்டு நினைச்சன்.” இதே வசனத்தை வேறு வேறு ஊர்களில் வேறு வேறு ஆட்கள் சொல்லிக் கேட்டுவிட்டேன்.

இங்கிலாந்தில் வரலாற்று மதிப்புள்ள கட்டடங்களை அரசு பட்டியலில் சேர்க்கிறது. அதைத்தான் லிஸ்டட் பில்டிங் என்கிறார்கள். தரம் மூன்று: கிரேட் வன், கிரேட் டூ ஸ்டார், கிரேட் டூ. முதலாவது 2.5 சதவீதம், இரண்டாவது 5.8 சதவீதம். மிச்சம் 91.7 சதவீதமும் கிரேட் டூ. பக்கிங்ஹாம் அரண்மனை கிரேட் வன். லண்டன் அபி ரோட்டில், பீட்டில்ஸ் இசைக்குழு படமெடுத்த பாதசாரிக் கடவை கிரேட் டூ. நீங்கள் வாங்கப் போகும் கடையோ பிளாட்டோ பட்டியலில் இருந்தால், பெரும்பாலும் அது கிரேட் டூவாகத்தான் இருக்கும். பின்னணி இவ்வளவு போதும்.

‘டூ’ என்றால் இரண்டாம் தரம், சட்டமும் பாதிதான் என்று நினைப்பது எங்கிருந்து வருகிறது என்று யோசித்திருக்கிறேன். நாங்கள் பார்க்கும் மற்றத் தரவரிசைகள் அப்படித்தான் இயங்குகின்றன. குதிரைப் பந்தயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1971இலிருந்து ஐரோப்பாவில் பெரிய பந்தயங்களுக்கு குரூப் வன், டூ, திரீ என்று தரம். அதற்கும் கீழே ‘லிஸ்டட்’ பந்தயம். முதல் நான்கு இடத்தில் வந்த குதிரைகளின் மதிப்பெண்ணை மூன்று வருடத்துக்குச் சராசரி பார்க்கிறார்கள். பொதுவாக குரூப் வன்னுக்கு 115, டூவுக்கு 110, திரீக்கு 105, லிஸ்டட்டுக்கு 100. சராசரி விழுந்தால் பந்தயம் கீழே இறங்கும். அங்கே எண் உண்மையிலேயே ஏணிப்படி. ஒவ்வொரு வருடமும் சரிபார்க்கவும் ஆள் உண்டு.

கட்டடத்தின் தரம் அப்படி இல்லை. யாராவது விண்ணப்பித்தால் ஒழிய பெரும்பாலும் ஒருவரும் வந்து மறுபடி பார்ப்பதில்லை. அரை நூற்றாண்டுக்கு முன் ஒருவர் தெருவில் நின்று எழுதிய நாலு வரிதான் இன்றைக்கும் உங்கள் கட்டடத்தின் பதிவாக இருக்கக்கூடும். பந்தயத்தில் ‘லிஸ்டட்’ என்பது கடைசிப் படி. கட்டடத்தில் அந்தச் சொல்லே முழுச் சட்டம். பட்டியலில் ஏறிவிட்டால், லிஸ்டட் கட்டடங்களுக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டுப்பாடு மூன்று தரத்துக்கும் ஒன்றுதான். கவுன்சிலின் லிஸ்டட் அனுமதி இல்லாமல் கட்டடத்தின் தன்மையை மாற்றினால் அது குற்றவியல் குற்றம். இரண்டு வருடம் வரை சிறை, தண்டப்பணத்துக்கு உச்ச எல்லை இல்லை. ‘லிஸ்டட் என்று தெரியாது’ என்பது நீதிமன்றத்தில் எடுபடாது.

தரம் வித்தியாசம் காட்டுவது காசு கிடைக்கும் இடத்தில். பாரம்பரியக் கட்டடங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஹிஸ்டோரிக் இங்கிலாந்து தரும் திருத்த உதவித்தொகை பெரும்பாலும் மேல் இரண்டு தரங்களுக்கே போகிறது. சிதைந்துபோகும் கட்டடங்களுக்கு அவர்கள் வைத்திருக்கும் பதிவேட்டில்கூட, வழிபாட்டுத் தலங்களை விட்டால், கிரேட் டூ கட்டடங்கள் லண்டனில் மட்டும்தான் சேர்க்கப்படுகின்றன. கட்டுப்பாடு எல்லோருக்கும், உதவி எட்டு சதவீதத்துக்கு. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஆனால் சட்டம் மாறும்வரை நீங்கள் இதற்குள்தான் நடக்க வேண்டும்.

ஆட்கள் விழும் குழிகள்

முதலாவது, ‘வெளிப்பக்கம் மட்டும்தான்’ என்ற நம்பிக்கை. இல்லை. உள்ளேயும் சேர்த்துத்தான். படிக்கட்டு, கணப்படுப்பு, பழைய கதவு, கூரைப் பூச்சு, அறைகளைப் பிரிக்கும் சுவர் எல்லாமே. பட்டியல் பதிவில் உள்பக்கம் பற்றி ஒரு சொல்லும் இல்லையே என்று சிலர் காட்டுவார்கள். பழைய பதிவுகள் கட்டடத்தை அடையாளம் காட்ட எழுதப்பட்டவை. அதில் எழுதவில்லை என்றால் பாதுகாப்பு இல்லை என்று அர்த்தமே இல்லை. 2013இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு எழுதப்பட்ட பதிவுகளில் மட்டும், ‘இன்ன பகுதிக்கு மதிப்பு இல்லை’ என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் அந்தப் பகுதி தப்பும்.

பின்வளவில் நிற்கும் கொட்டிலும் மதிலும்கூட உள்ளடங்கலாம். 1948 ஜூலை 1க்கு முன்பிருந்தே அந்த வளவுக்குள் நிற்பவை என்றால் அவையும் பட்டியலில் இருப்பதாகவே கொள்ளப்படும். களஞ்சிய அறை கட்டுவதற்குப் பழைய கொட்டிலை இடித்துவிட்டு வந்து கேட்டால் யாராலும் உதவ முடியாது.

பிளாட் வாங்கியவர்கள் சொல்வது வேறு: “ஃப்ரீஹோல்டர் எழுதித் தந்தவர்.” நில உரிமையாளரின் சம்மதம் உங்கள் குத்தகை ஒப்பந்தத்துக்குத்தான் உதவும். கட்டடம் முழுக்கப் பட்டியலில் இருந்தால் உங்கள் சமையலறைச் சுவரும் பட்டியலில் இருக்கிறது.

அடுத்ததுதான் மிகவும் கொடியது, ஏனென்றால் நேர்மையாக நடந்தவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள். வேலை முடிந்ததும் பில்டிங் கன்ட்ரோல் அதிகாரி வந்து பார்த்துச் சான்றிதழ் தருகிறார். யன்னல் போட்ட நிறுவனம் ஃபென்சா சான்றிதழ் தருகிறது. கையில் இரண்டு அரசாங்கத்துக் கடதாசிபோல் இருக்க, ஆள் நிம்மதியாகப் படுக்கிறார். இரண்டுக்கும் லிஸ்டட் அனுமதிக்கும் சம்பந்தமே இல்லை. முதலாவது, கட்டுமானம் பாதுகாப்பானதா என்று பார்ப்பது. மற்றது, யன்னல் கட்டுமான விதிகளுக்குப் பொருந்துகிறதா என்று சொல்வது. ஒரே கவுன்சில் கட்டடத்தில் ஒரு மேசைக்காரர் ‘சரி’ என்று கையெழுத்து வைத்த அதே வேலைக்கு, பக்கத்து மேசைக்காரர் பழையபடி திருத்தச் சொல்லி நோட்டீஸ் அனுப்பலாம். அந்த இரண்டு பேரும் தங்களுக்குள் ஒருமுறை கதைத்திருந்தால் எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு தப்பியிருக்கும்.

பிளானிங் பேர்மிசனும் (கட்டுமானத் திட்ட அனுமதி) லிஸ்டட் அனுமதியும் வேறு வேறு. ஒன்று கிடைத்தால் மற்றதும் கிடைத்ததாக ஆகாது. கடைப் பலகை, இரும்பு ஷட்டர், சமையல் புகைக்குழாய், ஏசிப் பெட்டி போன்றவற்றுக்கு இரண்டுமோ அதற்கு மேலுமோ வேண்டியிருக்கும்.

‘பழசை எடுத்துவிட்டு அதேபோலப் புதுசு போட்டால் அனுமதி தேவையில்லை’ என்று பில்டர் சொல்வார். அதே பொருள், அதே முறை, சின்னத் திருத்தம் என்றால் அது பெரும்பாலும் சரி. ஆனால் முழு யன்னலையும் மாற்றுவதைப் பல கவுன்சில்கள் திருத்தமாகப் பார்ப்பதில்லை. சுண்ணாம்புச் சாந்து இருந்த சுவரில் சீமெந்து பூசினால் அது ‘அதேபோல’ இல்லை. சந்தேகம் என்றால், செய்யப் போகும் வேலைக்கு அனுமதி தேவையில்லை என்று கவுன்சிலிடமே சான்றிதழ் எடுக்கலாம். கட்டணம் இல்லை, 10 வருடம் செல்லும். செய்து முடித்த வேலைக்கு அது கிடைக்காது.

காத்திருந்தால் காலம் கடந்துவிடும் என்பதும் பொய். சாதாரண பிளானிங் மீறலுக்குக் கால எல்லை உண்டு. லிஸ்டட் கட்டடத்துக்கு இல்லவே இல்லை. வேலை செய்தவர் விற்றுவிட்டுப் போனாலும், அதைத் திருத்தும் பொறுப்பு கட்டடத்தோடு கைமாறும். வழக்குப் போடுவது செய்தவர்மேல், செலவு இப்போதைய உரிமையாளர்மேல். அண்ணைக்கு நடந்தது இதுதான்.

விண்ணப்பித்த பிறகு நடக்கும் இழுபறி

விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. 8 கிழமைக்குள் முடிவு என்பது விதி. ஆனால் அந்த 8 கிழமை நீங்கள் அனுப்பிய நாளிலிருந்து ஓடாது. குறை இல்லாத முழு விண்ணப்பம் அவர்கள் கையில் கிடைத்த பிறகுதான் ஓடத் தொடங்கும். வரைபடத்தில் அளவுகோல் இல்லை, பாரம்பரிய அறிக்கை இல்லை என்று மூன்றாம் கிழமையில் ஒரு மின்னஞ்சல் வரும். திருத்தி அனுப்பினால் இன்னொரு குறை. ஒரே கடிதத்தில் எல்லாக் குறையையும் சொன்னால் என்ன என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அதனால் அனுப்பும் முன்னர் அந்தக் கவுன்சிலின் இணையத்தளத்தில் உள்ள தேவைப் பட்டியலை ஒவ்வொரு வரியாகச் சரிபாருங்கள்.

பாரம்பரிய அறிக்கை என்றதும் பயந்து பெரிய காசு கொடுக்க வேண்டாம். சின்ன வேலைக்குச் சின்ன அறிக்கை போதும் என்றுதான் தேசியக் கொள்கையே சொல்கிறது. பட்டியல் பதிவு, உள்ளூர் வரலாற்றுச் சூழல் ஆவணத்தில் உள்ள தகவல், வடிவாக எடுத்த படங்கள், என்ன மாற்றுகிறீர்கள், ஏன், அதனால் எது கெடும், எது கெடாது. இவ்வளவும் தெளிவாக இருந்தால் ஒரு யன்னலுக்குப் போதும்.

லண்டனுக்கு வெளியே கிரேட் டூ என்றால் பெரும்பாலும் கவுன்சிலின் பாரம்பரியக் கட்டட அதிகாரியின் கருத்துத்தான் முடிவு. அவரைத் தொலைபேசியில் பிடிப்பது கடினம். பிடித்தாலும், ‘சரி, செய்யலாம் போல’ என்று அவர் வாயால் சொன்னதை நம்பி சுத்தியலைத் தூக்காதீர்கள். கதைத்த அன்றே, ‘இன்று நீங்கள் சொன்னது இது’ என்று ஒரு மின்னஞ்சல் போடுங்கள். அதிகாரி மாறுவார், மின்னஞ்சல் மாறாது.

அனுமதி கிடைத்துவிட்டால் கடிதத்தின் முதல் பக்கத்தோடு நிறுத்த வேண்டாம். பின்பக்கத்தில் நிபந்தனைகள் இருக்கும்: வேலை தொடங்க முன் சாந்து மாதிரி காட்டு, யன்னல் வரைபடம் அனுப்பு என்று. அதை மீறுவதும் அதே குற்றம்தான். அனுமதி வழமையாக மூன்று வருடம். செலவுக் கணக்கில் வாட் வரியையும் சேருங்கள். அனுமதி பெற்ற மாற்ற வேலைக்கு வாட் இல்லை என்பது 2012 அக்டோபர் 1உடன் முடிந்துவிட்டது. இன்றும் அதைச் சொல்லிக் குறைந்த விலை காட்டும் பில்டரை நம்பாதீர்கள்.

கடைக்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. லிஸ்டட் கடை வெறுமையாகக் கிடந்தால், வெற்றுக் கட்டடத்துக்கான வணிக வரி கட்டத் தேவையில்லை. இதைக் கவுன்சில் தானாகச் சொல்லும் என்று காத்திருக்க வேண்டாம். அந்த வரியைக் கட்டிக்கொண்டிருந்தால் உடனே எழுதிக் கேளுங்கள்.

வாங்க முன்

நஷனல் ஹெரிட்டேஜ் லிஸ்ட் ஃபோர் இங்கிலாந்து என்ற இணையப் பட்டியலில் வரைபடத்தில் தேடிப் பார்க்கலாம், இலவசம். சொலிசிட்டர் எடுக்கும் கவுன்சில் தேடலில் லிஸ்டட் என்பதும், ஏற்கெனவே அனுப்பிய நோட்டீஸும் தெரியும். நோட்டீஸ் போகாத களவு வேலை அதில் தெரியவே தெரியாது. அதைக் கண்டுபிடிக்கப் பட்டியல் பதிவையும் கவுன்சிலின் பழைய அனுமதிக் கோப்புகளையும் கையில் வைத்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றிவர வேண்டும். பதிவில் மர யன்னல், நேரில் பிளாஸ்டிக், கோப்பில் அனுமதி இல்லை என்றால் விலையைக் குறையுங்கள், அல்லது விற்பவரையே சரிசெய்யச் சொல்லுங்கள்.

‘காப்புறுதி எடுத்துத் தருகிறோம்’ என்று விற்பவர் பக்கம் சொல்லும். அந்தக் காப்புறுதிகள் பலவற்றில், கவுன்சிலோடு நீங்கள் தொடர்புகொண்டால் செல்லாது என்ற வரி இருக்கும். நாளைக்கு வேறொரு வேலைக்கு அனுமதி கேட்டு அதிகாரி வீட்டுக்கு வந்தாலே அது போய்விடலாம்.

நோட்டீஸ் ஏற்கெனவே வந்துவிட்டதா? அதில் முதலில் தேட வேண்டியது, எந்தத் தேதியிலிருந்து அமலுக்கு வருகிறது என்பது. கையில் கிடைத்து 28 நாளாவது இருக்கும். மேன்முறையீடு அந்தத் தேதிக்கு முன்னரே பிளானிங் இன்ஸ்பெக்டரேட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் கதவு மூடிவிடும். நேரத்துக்குப் போட்டால், முடிவு வரும்வரை நோட்டீஸ் நிறுத்தப்படும். கேட்கும் வேலை தேவைக்கு அதிகம், தந்த காலம் போதாது என்றும் வாதிடலாம். கவுன்சிலோடு சுமுகமாகக் கதைத்துக்கொண்டிருக்கிறோமே என்று அந்தத் தேதியை விட்டவர்களை எனக்குத் தெரியும். வேலையைச் செய்தவர் நீங்களே என்றால், எச்சரிக்கையின் கீழ் விசாரணை (சொல்வதெல்லாம் வழக்கில் ஆதாரமாகலாம்) என்று அழைக்கும்போது சொலிசிட்டர் இல்லாமல் போகாதீர்கள்.

அண்ணை இருபத்தாறாம் நாள் மேன்முறையீடு போட்டார். யன்னல்கள் மாறத்தான் வேண்டும் என்று முடிவு வந்தது, ஆனால் மூன்று மாதக் கெடு பதினெட்டு மாதமானது. மாதம் ஒரு யன்னலாக ஒரு தச்சரைக் கொண்டு செய்விக்கிறார்.